இதழாக மாறிய மகரந்தம்

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டின் ஓரங்களில் ஒரு காட்டு ரோஜா புதர்களின் மேல் படர்ந்து ஏறியிருக்கும். ரோசா லெஷனால்டியானா என்பது அதன் தாவரவியல் பெயர். வெள்ளைப் பூ, ஐந்தே இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்களின் கூட்டம். உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட காட்டு ரோஜா இனங்கள் இருக்கின்றன. இமயமலைப் பக்கத்தில் வளரும் நான்கிதழ் ரோஜாவை விட்டுவிட்டால், அநேகமாக எல்லாவற்றுக்கும் ஐந்துதான் கணக்கு. மாலையில் கோக்கிற பன்னீர் ரோஜாவுக்கும் பூங்கொத்தில் வரும் அடர்சிவப்பு ரோஜாவுக்கும் முன்னோர் எல்லாரும் இப்படி ஐந்திதழோடு காட்டில் நின்றவர்கள்தாம்.

பியோனியை நம்மில் பலர் நேரில் கண்டிருக்க மாட்டோம். சீனப் பீங்கான் ஜாடியிலும் பட்டுத்துணியிலும் ரோஜாவைவிடக் கொழுத்த ஒரு பூவை வரைந்திருப்பார்களே, அது பெரும்பாலும் பியோனிதான். சீனா, ஜப்பான், சைபீரியா, காக்கசஸ், மத்தியதரைக் கடலைச் சுற்றிய மலைகள் என்று குளிர்காலம் உண்மையிலேயே குளிரும் இடங்களில் அதன் இனங்கள் முப்பதுக்கு மேல் பரவிக் கிடக்கின்றன. சில இனங்கள் ஆளுயரப் புதராகும். தண்டு கட்டையாக முற்றும். இவை மரப்பியோனிகள். மற்றவை இடுப்பளவுக்குள் நின்றுவிடும் செடிப்பியோனிகள். குளிர் தொடங்கியதும் இவற்றில் தரைக்கு மேல் இருப்பதெல்லாம் காய்ந்து போய், வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். காட்டில் அதற்கும் ஐந்து முதல் பத்து இதழ்கள், நடுவில் அதே மகரந்தக் கூட்டம்.

இந்த இரண்டு பூக்களுக்கும் உறவு கிடையாது. ரோஜா ஆப்பிள், பாதாம், ஸ்ட்ராபெரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பியோனி தன் குடும்பத்தில் தான் ஒருத்தியாகவே நிற்கிறது. அந்தக் குடும்பத்தில் வேறு பேரினமே இல்லை. ஆனாலும் பழைய ஹாலந்து ஓவியங்களில் கனம் தாங்காமல் தலை கவிழும் சென்டிஃபோலியா ரோஜாவையும், 1906-இல் பிரான்ஸின் லெமோன் நாற்றங்கால் வெளியிட்ட ‘சாரா பெர்னார்ட்’ பியோனியையும் அருகருகே வைத்து இலைகளை மறைத்துவிட்டால், எது எது என்று சொல்லக் கொஞ்சம் தயங்கவே வேண்டியிருக்கும். அதே வெளிறிய இளஞ்சிவப்பு, அதே அடுக்கு, அதே நெருக்கம். படைத்தவன் ஒரே முகத்தை இரண்டு அந்நியர்களுக்குக் கொடுத்திருக்கிறான். முகம் மட்டுமா ஒன்று? அதைக் கொடுத்த வழியும் ஒன்றாக இருப்பதை அறிந்தபோதுதான் எனக்கு வியப்பு அதிகமாயிற்று.

முழுமையான பூ ஒன்றை வெளியிலிருந்து உள்ளே பிரித்துக்கொண்டு போனால் நான்கு வட்டங்கள் தென்படும். பச்சைப் புல்லிகள், நிறமுள்ள இதழ்கள், மகரந்தத் தாள்கள், கடைசியாகச் சூலகம். எந்த வட்டத்தில் எது முளைக்க வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் சேர்ந்து வகுத்துத் தருகின்றன. அவற்றுள் அகாமஸ் என்ற வகை மரபணு பூவின் நடுப்பகுதியை ஆள்கிறது. அது செயல்படும் எல்லைக்குள்தான் மகரந்தத் தாளும் சூலகமும் உருவாக முடியும். ஏதோ ஒரு காரணத்தால் அந்த எல்லை உள்நோக்கிச் சுருங்கினால், தாள் முளைக்க வேண்டிய இடத்தில் இதழ் முளைத்துவிடும். அடுக்கு ரோஜாவில் இதுதான் நடந்திருக்கிறது. பியோனியிலும் மகரந்தத் தாள்கள்தாம் இதழாக விரிந்திருக்கின்றன. இதை நம்ப நுண்ணோக்கி வேண்டாம். பாதி அடுக்கான பூ ஒன்றை எடுத்து உள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தால், முழுத் தாள், ஓரத்தில் மட்டும் சற்று விரிந்த தாள், விளிம்பில் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருக்கும் குறுகிய இதழ், முழு இதழ் என்று மாற்றத்தின் படிகள் எல்லாம் ஒரே பூவுக்குள் வரிசையாய் இருக்கும்.

மரபணு என்ற எண்ணமே தோன்றாத காலத்தில் இந்தப் படிகளைக் கவனித்தவர் ஜெர்மன் கவிஞர் கதே. செடிகளின் உருமாற்றம் பற்றி அவர் 1790-இல் எழுதிய சிறு நூலில் ஒரு விசித்திர ரோஜாவை எடுத்துக்காட்டுகிறார். பூவின் நடுவிலிருந்து மறுபடி ஒரு தண்டு கிளம்பி மேலே போகும் ரோஜா அது. பழைய ரோஜாக்களில் இப்படி அவ்வப்போது நேர்வதுண்டு. தோட்டக்காரர்கள் அதைக் குறை என்று வெட்டி எறிவார்கள். கதே அதைக் குறையாகப் பார்க்கவில்லை. புல்லி, இதழ், தாள், சூலகம் எல்லாமே அடிப்படையில் இலைதான், ஒரே உறுப்பு வேறு வேறு வேடம் போடுகிறது என்பதற்கு அந்தப் பூவைச் சாட்சியாக நிறுத்தினார். சீனாவிலிருந்து வந்த பச்சை ரோஜா இன்னும் வெளிப்படையான சாட்சி. அதில் நிறமுள்ள இதழே கிடையாது. இதழ், தாள், சூலகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் புல்லிகளாகவே அடுக்கியிருக்கும். அழகு என்று அதை யாரும் வீட்டில் வைக்க மாட்டார்கள். ஆனால் பூ எப்படி உண்டாகிறது என்று அது சொல்வதைப் போல வேறெந்த ரோஜாவும் சொல்வதில்லை.

அடுக்குப் பூ மனிதனுக்குப் புதிதன்று. கிறிஸ்துவுக்கு முன்னே வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், ரோஜாவில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து இதழ், சிலவற்றுக்குப் பன்னிரண்டோ இருபதோ, நூறு இதழ் என்று பேர் வாங்கியவையும் உண்டு என்று எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது. தாள் இதழானால் மகரந்தம் குறைகிறது. சூலகமும் மாறிப்போனால் விதையே இல்லை. முழு அடுக்கான சென்டிஃபோலியா அநேகமாக மலடு. காட்டில் முளைத்திருந்தால் அது ஒரு தலைமுறையோடு தீர்ந்திருக்கும். யாரோ ஒருவர் அதன் வேரடிக் கன்றைப் பிரித்து நட்டார்; அவருக்குப் பின் இன்னொருவர் கிளையை வளைத்துப் பதியன் போட்டார்; பிறகு ஒருவர் ஒட்டுக் கட்டினார். விதையில்லாமல் இப்படிப் பெருகும் செடி ஒரே செடிதான். மண்தான் மாறுகிறது, உயிர் தொடர்ச்சி அறுவதில்லை. பழைய ரோஜா, பழைய பியோனி என்று நாம் பேசுவது இந்தப் பொருளில்தான். அந்தச் செடியின் வாரிசை நாம் பார்க்கவில்லை, அந்தச் செடியையே பார்க்கிறோம்.

ரோஜா வளர்ப்பவர்கள் பழையது, புதியது என்று கோடு கிழிக்கும் ஆண்டு 1867. அந்த ஆண்டில் லியோன் நகரத்துக் கியோ என்பவர் ஹைபிரிட் டீ என்ற புது வகையின் முதல் ரோஜாவாக ‘லா ஃபிரான்ஸ்’ஸை வெளியிட்டார். அதற்கு முன்னரே இருந்த வகைகள் எல்லாம் பழைய தோட்ட ரோஜாக்கள்.

அவற்றில் மூத்தது காலிகா. அதன் ஒரு வகையான அஃபிசினாலிஸ், மருந்துக்கடை ரோஜா என்றே பேர் பெற்றது. பாரிஸுக்குத் தென்கிழக்கேயுள்ள புரோவான் ஊர் இதன் இதழ்களை உலர்த்தியும் சர்க்கரையில் பாகாக்கியும் விற்றே நூற்றாண்டுக் கணக்காய்ச் செழித்தது. மற்ற பல ரோஜாக்களின் மணம் உலர்ந்ததும் குறைந்துவிடும். இதன் இதழ் உலர்ந்த பிறகும் மணக்கும். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய ஷாம்பேன் பிரபு நான்காம் திபோ இதைக் கொண்டுவந்தார் என்று அந்த ஊரார் சொல்வார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் வம்சத்துச் சிவப்பு ரோஜாவாகச் சொல்லப்படுவதும் இதுவே. ஒரு நாள் இந்தச் செடியின் ஒரு கிளை மட்டும் தடம் மாறியது. சிவப்புக்கு நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்க் கோடு விழுந்த பூக்கள் அதில் வந்தன. அந்தக் கிளையைப் பிரித்து வளர்த்ததுதான் ‘ரோசா முண்டி’. பதினாறாம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றிய பேச்சு இருக்கிறது. இரண்டு பூவில் கோடு ஒரே மாதிரி விழாது. அது மட்டுமில்லை, அந்தச் செடி இன்றும் தன் பிறப்பை மறக்கவில்லை. திடீரென்று ஒரு கிளை கோடே இல்லாத முழுச் சிவப்புப் பூவைப் பூக்கும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தாய்ச்செடி உள்ளேயே இருந்து எட்டிப் பார்க்கிறது. தோட்டக்காரர் அந்தக் கிளையை அடியோடு வெட்டாவிட்டால் சில ஆண்டுகளில் செடி முழுதும் பழைய சிவப்புக்கே திரும்பிவிடலாம்.

அத்தருக்குப் பேர்போனது டமாஸ்க். பல்கேரியாவின் கசன்லிக் பள்ளத்தாக்கிலும் துருக்கியின் இஸ்பார்டாவிலும் வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறித்துவிடுவார்கள். வெயில் பட்டால் எண்ணெய் ஆவியாகிவிடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று முதல் நான்கு டன் பூ வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-இல் மரபணுக்களை ஒப்பிட்டு இதன் பிறப்பைக் கண்டுபிடித்தார்கள். காலிகாவும் கஸ்தூரி ரோஜாவும் கூடிப் பிறந்த ஒன்றை, மத்திய ஆசியாவின் ஃபெட்சென்கோ ரோஜா மறுபடி சந்தித்திருக்கிறது. மூன்று ரோஜாக்கள் கூடிய இந்தத் திருமணத்தை எந்த மனிதரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

ரோஜா மணம் என்று நாம் அடையாளம் காணும் ஜெரானியால் உருவாகும் விதமும் அப்படியே வியப்புக்குரியது. மற்ற செடிகள் இதை ஒரு வழியில் செய்கின்றன. ரோஜா வேறு வழியில் செய்கிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். அதற்குப் பயன்படும் நொதியின் உறவினர்கள் பாக்டீரியாவில் பார்ப்பது துப்புரவு வேலை. உயிரணுவுக்குள் கெட்டுப்போன வேதிப்பொருள்கள் மரபுப் பொருளில் கலந்துவிடாமல் அவை உடைத்துப் போடும். அப்படிப்பட்ட கருவியின் உறவு ஒன்றை எடுத்து ரோஜாவுக்குள் மணம் தயாரிக்க வைத்தது யார் எண்ணம்? ரோஜா எண்ணெயில் முந்நூறுக்கு மேல் பொருள்கள் இருக்கின்றன; அவற்றுள் டமாசினோன் என்ற ஒன்று நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நம் மூக்கு ரோஜா என்று தெரிந்துகொள்வதில் அதற்குப் பெரும்பங்கு. பியோனியிலும் மணமுள்ள வகைகளில் ஜெரானியால், சிட்ரனெல்லால், ஃபீனைல் எத்தனால் என்ற அதே பொருள்கள் பல இருக்கின்றன. ஆனால் பியோனியை அத்தருக்கென்று வடித்த மரபு ரோஜாவுக்கு இருப்பதுபோல் வளரவில்லை. சீனர்கள் அதன் வேரையும் வேர்ப்பட்டையையும் மருந்துக்கு எடுத்துக்கொண்டார்கள், பூவைக் கண்ணுக்கு விட்டுவிட்டார்கள்.

பழைய ரோஜாக்களில் எனக்கு ஆல்பாவின் மேல்தான் பற்று. சாம்பல் பூத்த நீலப்பச்சை இலை, வெள்ளை அல்லது நாணிச் சிவந்த நிறத்தில் பூ. மற்ற ரோஜாக்கள் வாடும் அரைநிழலிலும் இது பூக்கும். யார்க் வம்சத்தின் வெள்ளை ரோஜாவாகச் சொல்லப்படுவது இதன் ‘செமி-பிளீனா’ என்ற வகை. இதன் முன்னோரில் ஒன்றான ரோசா கானினா, ஐரோப்பாவின் வேலிகளில் சாதாரணமாய்க் கிடக்கும் காட்டு ரோஜா. அதன் உள்கணக்கு படைப்பின் பெரிய புதிர்களில் ஒன்று. அதற்கு 35 குரோமோசோம்கள். ஒற்றைப்படை எண்ணைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. ஆகவே இப்படிப்பட்ட செடி மலடாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கானினா ஒரு தனி வழி வைத்திருக்கிறது. மகரந்தத்தில் 7-ஐ மட்டும் அனுப்புகிறது. சூலில் 28-ஐ வைத்துக்கொள்கிறது. ஏழும் இருபத்தெட்டும் சேர்ந்தால் மீண்டும் 35. தாய் நான்கு பங்கும் தந்தை ஒரு பங்கும் தரும் இந்த ஏற்பாடு பிசகாமல் தலைமுறை தலைமுறையாய் நடக்கிறது. ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் பேராலயத்தின் சுவரில் படர்ந்திருக்கும் ரோஜாவும் கானினாதான். ஆயிரம் ஆண்டுப் பழமை என்று அந்த ஊர் நம்புகிறது. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து பேராலயம் இடிந்தது. செடி எரிந்து இடிபாட்டுக்குள் புதைந்தது. அதே ஆண்டில் அந்த வேர் துளிர்விட்டது.

சென்டிஃபோலியா ஹாலந்துத் தோட்டங்களில் உருவானது. அதில் ஒரு கிளை மாறிப் பிறந்ததுதான் பாசி ரோஜா. மொட்டையும் காம்பையும் போர்த்தியிருக்கும் பாசி போன்ற மயிர்கள் உண்மையில் பெருகிப்போன பிசின் சுரப்பிகள். மொட்டைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்தால் தேவதாரு பிசினின் வாசனை வரும். பூவில் ரோஜா வாசனை, மொட்டில் காட்டு வாசனை. டமாஸ்க் வகைகளில் 1832-இல் பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்துத் தலைவர் ஆர்டி, தம் மனைவியின் பேரை வைத்த ‘மேடம் ஆர்டி’ இன்னொரு விதம். தூய வெள்ளை இதழ்கள் நான்கு பாகமாக மடிந்து அமர, நடுவில் சின்னப் பச்சைக் கண். அந்தப் பச்சை, இலையின் நினைவுக்குத் திரும்பிய சூலகம். கதே பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அவர் அந்த 1832-இலேயே காலமாகிவிட்டார்.

இனி பியோனி. ஐரோப்பாவுக்குச் சொந்தமான பியோனியும் அஃபிசினாலிஸ் என்ற பேரையே தாங்கியது. மடாலயத் தோட்டங்களில் வலிப்புக்கு மருந்தாக அதன் வேரை வளர்த்தார்கள். அதன் அடுக்குச் சிவப்பு வகை கிராமத்து வீடுகளின் முன்னால் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இந்தப் பூவின் பெருவாழ்வு சீனாவில், அதிலும் லோயாங் நகரத்தில்தான்.

பேரரசி வூ சத்தியன் குளிர்காலத்தில் எல்லாப் பூவும் பூக்க வேண்டும் என்று ஆணையிட்டாள், மரப்பியோனி மட்டும் மறுத்தது, அதனால் லோயாங்குக்கு நாடு கடத்தப்பட்டது என்று கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். கையில் கிடைத்திருக்கும் ஆவணம் அதைவிடச் சுவையானது. ஓயாங் சியு என்ற பேரறிஞர் இளமையில் அந்த நகரத்தில் அதிகாரியாக இருந்தபோது பார்த்ததையெல்லாம் 1034 வாக்கில் ஒரு சிறு நூலாக எழுதினார். அதில் 24 வகைகளைப் பேர் சொல்லி விவரிக்கிறார். யாவ் குடும்பத்தில் தோன்றிய மஞ்சள் பியோனி அரசன். வெய் குடும்பத்தில் பூத்தது அரசி. வெய் வீட்டுப் பூவை ஒரு விறகுவெட்டி மலையில் கண்டு வெட்டி எடுத்து வந்து விற்றானாம். இதழ்களை எண்ணிப் பார்த்தவர்கள் எழுநூறு என்றார்களாம். அதைப் பார்க்க வருகிறவர்கள் குளத்தின் நடுவே படகில் போக வேண்டும். ஆளுக்குப் பத்துக்கு மேல் காசு கட்டணம். அந்தக் குடும்பத்துக்கு அதில் நல்ல வருமானம்.

யாவ் மஞ்சளின் ஒட்டுக்குச்சி ஒன்றின் விலை ஐயாயிரம் காசு. இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, வசந்தத்தில் பூத்தது யாவ் மஞ்சள்தான் என்று கண்ணால் கண்ட பிறகே பணம் கைமாறும். ஊர்க்காரர்களுக்கோ அந்தப் பூ வெளியே பரவுவதில் விருப்பமில்லை. அதிகாரமுள்ளவர் யாராவது குச்சி கேட்டால் மறுக்க முடியாதே; வெந்நீரில் தோய்த்து உயிரைப் போக்கிவிட்டுக் கொடுத்தார்களாம்! தலைநகரத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பூக்களைப் பற்றியும் ஓயாங் சியு எழுதியிருக்கிறார். மூங்கில் கூடையில் காய்கறி இலைகளை அடர்த்தியாய்ப் பரப்பி, குதிரை ஓடும்போது அசையாதபடி பூக்களைப் பொதிந்து, காம்பின் நுனியை மெழுகால் அடைத்து, ஒரு பகல் ஓர் இரவில் அஞ்சல் குதிரைகள் கொண்டுசேர்த்தன. பல நாள் இதழ் உதிரவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பூவுக்குச் செய்த பணிவிடை இது. இன்றும் ஏப்ரலில் லோயாங் முழுதும் பியோனி விழாவில் திளைக்கிறது. பச்சை நிறத்தில் ‘டோ லூ’, ஒரே செடியில் செம்பூவும் வெளிர்ப்பூவும், சில வேளை ஒரே பூவில் இரண்டும் பாதிப்பாதியாய்த் தரும் ‘எர் சியாவ்’ ஆகியவை அங்கே பேர்பெற்றவை. மாடி மேல் மாடியாக இதழ் எழும்பும் கிரீட வகைகளை அங்கே உயர்த்திப் பேசுவார்கள். எனக்கு அவை கொஞ்சம் மிகை. தாள்களின் தங்க நிறம் தெரிய விட்ட வகைகளில்தான் பியோனியின் கம்பீரம் இருக்கிறது என்பேன்.

குளிரில் மடிந்துபோகும் செடிப்பியோனிகளில் லாக்டிஃப்ளோரா என்ற ஆசிய இனம் பிரான்ஸுக்குப் போனபோது அங்கே பித்தே பிடித்தது. 1851-இல் மியேலே என்பவர் வெளியிட்ட ‘ஃபெஸ்டிவா மாக்ஸிமா’வைப் பாருங்கள். பனி வெள்ளை, உள்ளே ஓரிரண்டு இதழின் ஓரத்தில் மட்டும் இரத்தம் தெறித்தாற்போல் செம்புள்ளி. 1856-இல் வந்த ‘டச்சஸ் டி நெமூர்’ எலுமிச்சை நிழலாடும் வெள்ளை. இரண்டும் இன்றும் நாற்றங்கால்களில் விற்கின்றன. இத்தனைக்கும் பியோனியைப் பெருக்குவது ரோஜாவைப் போல எளிதல்ல. ரோஜாவின் தண்டுக் குச்சியை நட்டால் பெரும்பாலும் வேர் விடும். செடிப்பியோனியில் அது நடக்காது. வேர்க்கிழங்கைத் தோண்டி, கண்ணோடு துண்டாக்கி நட வேண்டும். அந்தக் கண்ணை மண்ணில் இரண்டங்குலத்துக்கு மேல் ஆழமாய்ப் புதைத்தால் ஆண்டுக்கணக்கில் இலை மட்டும் வரும், பூ வராது. இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். இருந்த இடத்தில் விட்டுவிட்டால் நூறாண்டு பூக்கும். வீடு இடிந்து போன பிறகும் அதன் முற்றத்துப் பியோனி பூத்துக்கொண்டிருப்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்க்கலாம்.

விதையில் அதன் பொறுமை இன்னும் ஆழமானது. இலையுதிர் காலத்து வெதுவெதுப்பில் முதலில் வேர் மட்டும் மண்ணுக்குள் இறங்கும். மேலே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு முழுக் குளிர்காலத்தைக் கடந்தால்தான் குருத்து எழும். அதுவும் கடந்த பிறகு பூவைப் பார்க்க இன்னும் பல ஆண்டுகள். விதைகளைத் தாங்கும் நெற்று பிளக்கும்போது இன்னொரு விந்தை. காக்கசஸ் மலையின் மஞ்சள் பியோனியிலும் அதன் உறவினங்களிலும் உயிருள்ள விதை கருநீலமாகவும், கருவுறாத விதை பளபளக்கும் செந்நிறமாகவும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும். செடியாக முடியாத விதைகூட வீணாவதில்லை. அந்தச் சிவப்பு பறவைகளின் கண்ணை நெற்றின் பக்கம் இழுக்கிறது. மொட்டில் எறும்பு மொய்ப்பதையும் தோட்டக்காரர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். எறும்பு நக்கினால்தான் மொட்டு விரியும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. எறும்பில்லாமலும் பியோனி விரியும். புல்லிகளின் விளிம்பில் சுரக்கும் தேனுக்காக எறும்பு வருகிறது. வந்த இடத்தில் மொட்டைக் கடிக்க வரும் பூச்சிகளை விரட்டுகிறது. கூலி கொடுத்து வைத்த காவல்.

மனிதர்கள் இரண்டு பூக்களிலும் ஒரே நிறத்தை வெகுகாலம் தேடினார்கள். மஞ்சள். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் ஆழ்ந்த மஞ்சளே இல்லை. பாரசீகத்து மஞ்சள் ரோஜாவோடு கலந்து பெர்னே-டூஷே என்பவர் 1900-இல் ‘சோலே டோர்’ கொண்டுவந்த பிறகே அது தோட்ட ரோஜாவில் பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் லெமோன் நாற்றங்கால், சீனாவிலிருந்து வந்த காட்டு மஞ்சள் மரப்பியோனியைக் கொண்டு மஞ்சள் மரப்பியோனிகளை உண்டாக்கியது. ஆனால் மரப்பியோனியையும் செடிப்பியோனியையும் கலக்க யாராலும் முடியவில்லை. டோக்கியோவில் தோய்ச்சி இட்டோ என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை மகரந்தம் மாற்றிப் பார்த்தார். 1948-இல் ‘காகோடென்’ என்ற வெள்ளைச் செடிப்பியோனியில் லெமோனின் ‘ஆலிஸ் ஹார்டிங்’ என்ற மஞ்சளின் மகரந்தத்தை வைத்தபோது விதை பிடித்தது. நாற்றுகள் எழுந்தன. 1956-இல் இட்டோ இறந்துபோனார். அவர் பார்க்காத பூக்கள் 1960-களில் மஞ்சளாய் விரிந்தன. அமெரிக்கர் லூயி ஸ்மிர்னோ அவற்றை அவர் குடும்பத்திடமிருந்து பெற்று, 1974-இல் நான்கு வகைகளாகப் பதிவு செய்தார். செடியைப் போல் தரைக்குள் ஒடுங்கி, மரப்பியோனியின் இலையோடும் பூவோடும் மறுபடி எழும் அந்த வகைகள் அநேகமாக மலடு. ஆகவே அவையும் வேர்த்துண்டாகவே கைமாறுகின்றன.

காலத்தைக் கையாளுவதில்தான் இரண்டு பூக்களும் அடியோடு பிரிகின்றன. பியோனி ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு செடியில் சில நாள்தான் பூக்கும். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களும் பெரும்பாலும் அப்படியே, ஜூனில் ஒரு முறை. சீன ரோஜா மட்டும் ஓயாது. பூப்பதைக் குறித்த காலம் வரை தடுத்துவைக்கும் ஒரு மரபணு ரோஜாவில் உண்டு; சீன ரோஜாவில் அந்த மரபணுவுக்குள் அந்நியமான ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கிவிட்டது என்று 2012-இல் கண்டார்கள். பழுதான பூட்டுதான் அந்த ஓயாத பூப்புக்குக் காரணம். 1792 தொடங்கி 1824 வரை நான்கு சீன ரோஜாக்கள் இங்கிலாந்து சேர்ந்தன. அவற்றுள் ‘ஓல்டு பிளஷ்’ என்ற இளஞ்சிவப்பு உலகத்து ரோஜாக்களையே மாற்றியது.

இந்துமாக்கடலில் பூர்போன் என்று அப்போது பேர்பெற்ற ரீயூனியன் தீவில், வயல் வேலிகளில் இலையுதிர் டமாஸ்க்கையும் ஓல்டு பிளஷ்ஷையும் சேர்த்து நட்டிருந்தார்கள். அந்த வேலியில் இரண்டும் தாமே கலந்து ஒரு புதுச் செடி முளைத்தது. 1817-இல் அங்கே வந்த தாவரவியலாளர் பிரேயோன் அதன் விதைகளைப் பாரிஸுக்கு அனுப்ப, பூர்போன் ரோஜாக் குலம் பிறந்தது. தீவில் அந்தச் செடிக்கு எடுவார் ரோஜா என்று பேர். அது இந்தியாவுக்கும் வந்து, எட்வர்ட் ரோஜா என்ற பேரோடு புஷ்கரில் குல்கந்துக்கும் பன்னீருக்கும், தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்கும் வளர்கிறது. நாம் மாலைக்காகப் படிக் கணக்கில் வாங்கும் பன்னீர் ரோஜாக்களுள் அதுவும் ஒன்று. மணம் டமாஸ்க்கின் சொத்து. ஆண்டின் பெரும்பகுதி விடாமல் பூக்கும் குணம் சீனத்துப் பழுதான பூட்டின் சொத்து. பியோனிக்கு இங்கே வழியில்லை. பல வாரக் குளிர் படாமல் அதன் கண் விழிக்காது. எட்வர்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஓர் அடிக் குச்சியை ஈர மண்ணில் ஊன்றித் தண்ணீர் விட்டால் சில வாரங்களில் தளிர் வைக்கும்.